பின்னாடி ப்ரேக்குக்கு ரெண்டு ஆள் வேணும்

1

உண்மையச் சொல்லிப்போடறேனுங்க, இந்தக் கதை நானா யோசிச்சது இல்ல. ஆர்.எஸ்.புரத்துல ஒரு கல்யாணப் பந்தியில பக்கத்து எலைக்காரரு சொன்ன ஜோக்கு. சசிதர்னு பேரு, கணபதியில சின்னதா லேத் பட்டறை வெச்சிருக்காரு. அவரும் அவரு சம்சாரம் லோகப்பிரியாவும் பழைய பைக்குல வால்பாறையில இருந்து எறங்கி வந்தாங்களாமா. கொண்டை ஊசி வளைவுல ப்ரேக்கு புடிக்கல. அம்மணி பின்னாடி உக்காந்துட்டே ரெண்டு காலையும் ரோட்டுல தேச்சு வண்டிய நிறுத்திப்போட்டாங்களாமா.

"அடிவாரம் வாரப்ப செருப்புல வாரு மட்டுந்தானுங்க மிச்சம்"னாரு. பந்தியே சிரிச்சுது. எனக்கு ரசம் பொரையேறிருச்சு.

ஊட்டுக்கு வந்த கையோட எழுத உக்காந்தேன்.

2

மொதல் தொடக்கம்: "கொண்டை ஊசி வளைவில் மேகம் கவிந்திரு—"

வேண்டாம். யாருங்க இப்படிப் பேசறாங்க.

ரெண்டாவது: "லோகப்பிரியாவின் செருப்பு பல்லிளித்தது." இது சூப்பர்னு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து படிச்சா ஒரு டவுட்டு. லோகப்பிரியாவும் அந்தப் பந்தியில எதுத்த வரிசையில இருந்தாங்களே, அவங்க சிரிச்சாங்களா?

[இல்ல. ரசத்தோட எலைய மடிச்சுப்போட்டு எந்திரிச்சாங்க. மோருக்குக்கூட இருக்கல.]

ரெண்டாவதையும் அழிச்சாச்சு.

3

இதுக்கு மேல எல்லாம் நானாக் கட்டறது. கதைக்குள்ள வந்துட்டா அவரு 'அவன்', அவங்க 'அவ'. கோவிச்சுக்காதீங்க.

ஞாயித்துக்கெழம காத்தால. ஊட்டு வாசல்ல வண்டி மெயின் ஸ்டாண்டுல நிக்குது. சசிதர் பின்சக்கரத்தக் கழட்டி சக்கரத்த அழுத்தி நிறுத்தற ப்ரேக் ஷூ ரெண்டையும் எடுத்துப் பாத்தான். அதுமேல ஒட்டியிருக்கற லைனிங் கண்ணாடியாட்ட மினுங்குது. மினுங்குனா புடிக்காது. உப்புத்தாள் வெச்சுத் தேச்சான். ஷூ உக்கார்ற டிரம்முக்குள்ள இருந்த தூசிய ஈரத்துணியில தொடச்சான். (வாயில ஊதாதீங்க, நெஞ்சுக்கு ஆகாது.) எல்லாத்தையும் திருப்பி மாட்டியாச்சு, சக்கரத்த இறுக்கற ஆக்ஸில் நட்டு மட்டும் பாக்கி.

அங்கதான் வம்பு. நட்ட முறுக்கறப்ப இன்னொருத்தரு ப்ரேக்க மிதிச்சுட்டே இருக்கோணும். அப்பத்தான் ரெண்டு ஷூவும் டிரம்முக்கு நடுவுல சமமா உக்காரும். இல்லீன்னா ஒண்ணு உரசிட்டே கெடக்கும், ஒண்ணு சோலியே பாக்காது.

[பெடல ரப்பர் ட்யூப் போட்டுக் கட்டிப்போட்டா ஒரே ஆளு போதுமேன்னு மெக்கானிக்குங்க கேப்பீங்க. போதும். அந்த ட்யூப்ப நாந்தான் ஒளிச்சு வெச்சிருக்கேன்.]

ஊட்டுல இருக்கற இன்னொரு ஆளு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்ததுல இருந்து செரியாப் பேசறதில்ல. அவளுக்குக் கோவம் வந்தா மரியாத கூடிப்போகும். "சோறு வெச்சிருக்குதுங்க. திங்கறதுன்னா தின்னுங்க." அப்பறம் ஒருக்கா, "இனி அந்த வண்டியில நான் ஏறறதா இல்லீங்க." அவ்வளவுதான்.

அடுத்த பட்டறை ஆல்வினக் கூட்டியாந்து மிதிக்க வெச்சு ஒரு பத்தி எழுதிப் பாத்தேன். நட்டு முறுகிருச்சு, கதையும் முடிஞ்சுபோச்சு. ஆல்வின டீக்கடைக்கு அனுப்பிப்போட்டேன்.

4

"பிரியா, சித்த வந்து இத மிதி கண்ணு."

அவ கதவுகிட்ட வந்து நின்னா.

"செருப்புப் போட்டுட்டு மிதிக்கட்டுங்களா? இல்ல இதையும் தேச்சுப்போடோணுங்களா?"

சசிதர் ஸ்பேனரப் பாத்தான். "அது சும்மா ஜோக்குக்குச் சொன்னது."

"செருப்பச் சொன்னீங்க, செரி. உங்க சட்டையப் புடிச்சுட்டு நான் அழுதத ஏனுங்க சொல்லல?"

"அழுதியா?"

"காத்துல கேக்கல போல இருக்குதுங்க."

சசிதர் சொன்னான்: "அந்த நொடியில என்ற உசுரே—"

(வெட்டிப்போட்டேன். லேத் பட்டறைக்காரரு இப்படிப் பேச மாட்டாரு.)

"கெளம்பறப்பவே ப்ரேக்கு சொத்தைன்னு தெரியும்"னான் சசிதர். "சொன்னா நீ வர மாட்டேன்னுட்டுச் சொல்லல."

லோகப்பிரியா செருப்பக் கழட்டி ஓரமா வெச்சா. பெடல் மேல வெறுங்கால வெச்சு அழுத்துனா.

"முறுக்குங்க."

5

முடிவு ஒண்ணு: சக்கரம் பூவாட்டச் சுத்துது, ரெண்டு பேரும் வால்பாறைக்குப் போறாங்க. அவன் ஒத்துக்கிட்டதுக்கு உடனே கூலி குடுத்த மாதிரி இருக்குது.

முடிவு ரெண்டு: "இனி நான் ஓட்டறனுங்க, நீங்க பின்னாடி உக்காருங்க"ங்கறா. இதுக்குக் கைதட்டுவீங்க. அதனாலயே எனக்குச் சந்தேகம்.

முடிவு மூணு: அவ உள்ள போ—

இல்லீங்க, முடியல. நட்டு முறுகி ரொம்ப நேரமாச்சு. இனி அவ கால எடுத்தாத்தான் சக்கரத்தச் சுத்தி, உரசுதான்னு பாக்கலாம். 'போதும், எடு'ன்னு சசிதர் சொல்லல. சொன்னா அப்படியே உள்ள போயிருவாளோன்னு ஸ்பேனரப் புடிச்சுட்டே உக்காந்திருக்கான். வேல முடிஞ்சது அவளுக்கும் தெரியும். கால எடுக்காம நிக்கறா.

எடுக்கச் சொல்ல எனக்கும் தைரியம் இல்லீங்க. நீங்க வேணா சொல்லிப் பாருங்க.