பத்து எண்ணுகிற நேரம்

வீடியோ கேமால் நான் பட்ட அவமானங்களைக் கேட்டால் சலிக்காமல் சொல்வேன். பெரியப்பா மகள் நந்திதாவின் கல்யாணத்தில் மணமேடைக்குப் பின்னால் உட்கார்ந்து போனில் ஆடிக்கொண்டிருந்தேன். தாலி கட்டி, கெட்டிமேளம் ஓய்ந்த மறு நொடி, "செத்தான்டா!" என்று என் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. கல்யாண வீடியோவில் இன்னமும் இருக்கிறது. இன்னொரு முறை, எனக்கு இடைஞ்சலாக ஆடிய ஒருவனை மைக்கில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். எதிர்முனையில் ஓர் அம்மா வந்து, "ஏனுங்க, ஏழாவது படிக்கிற பையனுங்க, அழுகறானுங்க" என்றார். எனக்கு அப்போது வயது இருபத்தாறு.

இதையெல்லாம் சொன்னால் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். கதிர் விஷயத்தை மட்டும் இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை.

என் அப்பா தம்பிதுரைக்குக் கணபதி என்கிற பகுதியில் ஒரு சின்னப் பட்டறை. பவர் பிரஸ் வைத்து, பம்ப் மோட்டாருக்கு வேண்டிய தகடுகளை அடித்துக் கொடுக்கிறோம். நான் மேற்பார்வை. அதாவது ஸ்டூலில் உட்கார்ந்து போன் பார்ப்பது. கதிர் பிரஸ் ஓட்டுகிறவன், என் வயதுதான். சூலூரில் எங்கள் தோட்டத்தில் அவன் தாத்தா கூலி வேலை செய்தவர். பட்டறையில் கதிர் என்னை "ஏனுங்க" என்றுதான் கூப்பிடுவான். கேமுக்குள் போய்விட்டால் அவன்தான் எங்கள் டீமுக்குத் தலைவன். "டேய் மனோஜு, ஓடாதடா, குனிஞ்சு வாடா" என்று அதட்டுவான். எனக்கு அது பிடித்திருந்தது. என்னை அப்படி அதட்ட வேறு ஆள் இல்லை. ஹெட்போனைக் கழற்றியதும் மறுபடி, "ஏனுங்க, டீ சொல்லட்டுங்களா?" என்பான்.

நான்கு விரலால் ஆடுகிறவன் அவன். கட்டைவிரல் இரண்டும் திரைக்குக் கீழே, ஆள்காட்டி விரல் இரண்டும் மேலே. சுடுவதற்கு வலது கை ஆள்காட்டி விரல். அந்த வேகம் எனக்குக் கடைசி வரை வரவில்லை. அந்த கேமில் ஒருவன் அடிபட்டு விழுந்தால் உடனே சாக மாட்டான், தவழ்ந்துகொண்டிருப்பான். கூட்டாளி பக்கத்தில் வந்து பத்து நொடி உட்கார்ந்தால் எழுந்துவிடுவான். அந்தப் பத்து நொடியில் உட்கார்ந்தவனையும் சுட்டுவிடலாம். நான் விழுந்தபோதெல்லாம் கதிர் திரும்பி வந்தான். அவன் விழுந்தபோது நான் பெரும்பாலும் பாயிண்டைக் காப்பாற்றிக்கொண்டு ஓடியிருக்கிறேன். "ஏன்டா உட்டுப்போட்டுப் போன?" என்று சிரிப்பான், அவ்வளவுதான்.

சென்ற வருடம் ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை. மூன்று மணிக்கு எங்கள் டீமுக்குப் போட்டி, ஜெயித்தால் சென்னையில் நடக்கும் இறுதிச் சுற்று. அப்பா பெருந்துறைக்கு லோடு கொண்டுபோயிருந்தார். கதிருக்கு இன்னும் நானூறு தகடு பாக்கி இருந்தது. பிரஸ்ஸில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டையும் இரண்டு கையால் ஒன்றாக அமுக்கினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஒரு பட்டனை டேப் சுற்றி அமுக்கி வைத்துவிட்டால், ஒரு கையால் தகடு வைத்துக்கொண்டே மறு கையால் அடிக்கலாம். வேலை பாதி நேரத்தில் முடியும்.

டேப்பைச் சுற்றியது நான்.

"வேண்டாமுங்க. ரெண்டு கையும் வெளிய இருந்தாத்தானுங்க நல்லது" என்றான் கதிர்.

"ஒரு மணி நேரந்தானே கதிரு. மூணு மணிக்கு நீ வந்தாகணும்."

அவன் பட்டனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வேலையை ஆரம்பித்தான். கேமாக இருந்திருந்தால் "போடா" என்றிருப்பான். அது பட்டறை. நான் முதலாளி மகன்.

பத்தடி தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, போட்டிக்கு முன்னால் கை பழகிக்கொண்டிருந்தேன். விளையாட்டுக்குள் எவனாவது நாலு வீடு தள்ளி நடந்தாலும் கேட்கிற ஹெட்போன். தகடுகளை அடுக்கிக்கட்டும் சின்னாத்தாள் அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கி, "காதுல இருக்கறதக் கழட்டுங்க தம்பி!" என்று அலறியபோதுதான் திரும்பினேன். கதிர் தரையில் உட்கார்ந்திருந்தான். வலது கையை இடது கையால் பிடித்திருந்தான். அவன் கத்தவில்லை. கத்தி முடித்துவிட்டிருந்தான் என்று பிறகு அக்கா சொன்னார்.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தொழிற்சாலை ஆய்வு அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். கட்டில் பக்கத்தில் நானும் அப்பாவும் இருந்தோம். "பட்டன்ல டேப் சுத்தியிருந்துச்சே, யார் சுத்துனது?" என்று கேட்டார். கதிர் பதில் சொல்லவில்லை. என் கையில் போன் இருந்தது. டீமில் ஓர் ஆள் குறைகிறது, அடுத்த போட்டிக்கு மாற்று ஆள் வேண்டும் என்று மெசேஜ் அடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கும். எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது. நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நானுங்க" என்றது கதிரின் குரல். "சீக்கிரம் முடிக்கலாம்னு நானே சுத்திப்போட்டனுங்க."

தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி ஃபைலை மூடினார்கள். "தங்கமான பையன், அவனே ஒத்துக்கிட்டான்" என்றார் அப்பா. காயம் ஆறியதும் பட்டறையிலேயே காவலுக்கு வைத்துக்கொண்டார்.

எட்டு மாதம் ஓடியது. போன வாரம் கேமைத் திறந்தபோது கதிரின் பெயர் பச்சையாக எரிந்தது. அழைத்தேன், வந்தான். இரண்டு கட்டைவிரலால் ஆடினான். முதல் நிமிடத்திலேயே விழுந்தான். எனக்கு என்ன தோன்றியதோ, வாழ்க்கையில் முதல் தடவையாகத் திரும்பி ஓடிப்போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தூக்கிவிட்டேன். மறுபடி விழுந்தான். மறுபடி தூக்கிவிட்டேன். மூன்றாவது தடவை மைக்கில் பேசினான்.

"உடுங்க. நீங்க போங்க."

கேமுக்குள் அவன் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சூலூருக்குப் போனேன். அவன் வீட்டுக்குள் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவன் மனைவி யுவஸ்ரீ காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

"உங்கப்பா புண்ணியத்துல இந்த வேலையாச்சும் இருக்குதுங்க" என்றாள். "இவரு பண்ணுன காரியத்துக்கு வேற எடமா இருந்தா வெளிய அனுப்பியிருப்பாங்க. மிஷினுல டேப்பு சுத்துவாங்களாங்க? புத்தி இருக்கறவன் செய்வானா? சட்டைப் பித்தான் மாட்ட முடியாம நிக்கறப்ப எல்லாம் திட்டித் தீத்துப்போடறேன். வாயத் தொறக்க மாட்டாரு."

கதிர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் திட்டுவது பழகிப்போன முகம். எட்டு மாதமாக, தினமும், எனக்கு விழ வேண்டிய திட்டை அவன் வாங்கிக்கொண்டிருக்கிறான்.

"அந்த டேப்ப நான்தான் சுத்துனேன்" என்றேன். "கதிர் வேண்டாம்னான். விளையாட்டுக்கு நேரமாச்சுன்னு நான்தான் கேக்கல."

யுவஸ்ரீ என்னைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். "ஏனுங்க, நான் அத்தனை பேச்சுப் பேசுனனே" என்றாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"காப்பிய வெச்சுப்போட்டுப் போங்க."

வைத்தேன். கதிர் வாசல் வரை வந்தான்.

"இங்க சொல்லி என்னங்க ஆகுது?" என்றான். கோபம் இல்லாமல்தான் கேட்டான். "அன்னிக்கு அந்த ஆபீசர் கேட்டப்ப நான் உங்க மூஞ்சியத்தான் பாத்தனுங்க. மனசுக்குள்ள பத்து எண்ணுனேன். ஒவ்வொண்ணா, மெதுவா. பத்து வரைக்கும் நீங்க தலையே தூக்கல. அதுக்கப்புறம்தான் நான்னு சொன்னேன்."

"நாளைக்கு ஆபீஸுக்குப் போய் எழுதிக் குடுத்தர்றேன் கதிரு."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். நம்பியதாகத் தெரியவில்லை. அவன் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

வண்டியை எடுக்கவில்லை. எடுத்தால் ஒண்டிப்புதூர் தாண்டுவதற்குள் நூறு காரணம் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அங்கேயே வேப்பமரத்தடியில் நின்று அப்பாவுக்குப் போன் அடித்தேன்.

"சொல்லு கண்ணு" என்றார்.

"அப்பா, பிரஸ் பட்டன்ல டேப் சுத்துனது கதிர் இல்லீங்க. நானுங்க. நாளைக்கு அதிகாரிகிட்டச் சொல்லப் போறேன். நீங்களும் கூட வாங்க."

மறுமுனையில் சத்தமில்லை. போன் கட்டாகவில்லை, அவர் மூச்சு விடுவது கேட்டது. என்னையறியாமல் எண்ண ஆரம்பித்தேன். ஒவ்வொன்றாக, மெதுவாக.

பத்து தாண்டியும் அப்பா பேசவில்லை.