ஒக்னியனின் எஞ்சின்

செர்பியாவில் எங்கள் நோவி சாத் நகரில் வீடியோ கேம் செய்யக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கேமை இயக்க ஊர் உலகமே பயன்படுத்தும் எஞ்சின் என்ற மென்பொருளை விட்டுவிட்டு, சொந்தமாக ஒன்றை எழுத உட்கார்ந்துவிடுவார்கள். என்னோடு சேர்ந்து கேம் செய்த ஒக்னியனுக்கு அது முற்றிப்போயிருந்தது. எஞ்சினோடு நிற்காமல், காட்சிகளை எழுத ஒரு ஸ்கிரிப்ட் மொழியையும் அவனே உண்டாக்கினான். கட்டளைகள் எல்லாம் எங்கள் செர்பியச் சொற்கள். "நட" என்று எழுதினால் திரையில் என் கதாநாயகி நடப்பாள், "அழு" என்றால் அழுவாள். நான் கதை எழுதுகிறவள். புரோகிராமிங் எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது.

ஐந்து வருடம் கழித்து வியன்னாவில் ஒரு நிறுவனம் எங்கள் கேமை வெளியிட முன்வந்தது. ஒரே நிபந்தனை: எல்லோருக்கும் தெரிந்த எஞ்சினுக்கும் மொழிக்கும் மாற வேண்டும். ஒருவனுக்கு மட்டுமே புரிவதை நம்பி அவர்கள் இறங்க மாட்டார்களாம்.

"நாளைக்கே நான் பஸ்ல அடிபட்டு செத்துட்டா என்ன பண்றதுன்னு பயப்படுறாங்க, அதானே?" பூரெக் பலகாரத்தைப் பிய்த்துக்கொண்டே கேட்டான் ஒக்னியன்.

"நீ எங்க சாகப்போற. பல்லு கொட்டுற வரைக்கும் எஞ்சின் எழுதிக்கிட்டே இருப்ப. கேம் எப்ப வரும்?"

"திரையில நிழல் சரியா விழவைக்கிறது மட்டும்தான் பாக்கி, துன்யா."

"போன வருஷமும் நிழல்தான்."

அவன் சிரிக்கவில்லை. "மாறினா எனக்கு இதுல வேலை இல்ல. அந்த எஞ்சின் தெரிஞ்சவங்க தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க. கதை உன்னோடது, நீயே சொல்லு."

அவன் இல்லாவிட்டால் கேம் வெளிவரும். அவன் இருந்தால் வரவே வராது. இதை நினைக்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது, ஆனால் உண்மை அதுதான். மாறிவிடலாம் என்றேன்.

தலையாட்டிவிட்டுத் தட்டைக் கழுவப் போனான். "அந்த மொழிய ஒரே ஒரு ஆளுக்காகத்தான் பண்ணேன்," என்றான், முதுகைக் காட்டியபடியே. "அவளுக்கே வேணாம்னா நல்லதுதான். எனக்கும் வேலை மிச்சம்."

கேம் இலையுதிர்காலத்தில் வருகிறது. என் காட்சிகளை இப்போது வியன்னாவில் ஒருவர் புது மொழியில் எழுதுகிறார். நல்ல மனிதர், கெட்டிக்காரர். கடைசிக் காட்சியில் கதாநாயகி படகில் ஏறுமுன் சற்றுத் தயங்க வேண்டும். முன்பு என்றால் ஒக்னியனின் மொழியில் நானே எழுதி, ஓடவிட்டு, பிடிக்காமல் அழித்து, மறுபடி எழுதியிருப்பேன். இப்போது மின்னஞ்சல் அனுப்புகிறேன். எத்தனை நொடி தயங்க வேண்டும் என்று அவர் பதிலுக்குக் கேட்டிருக்கிறார்.

எனக்குத் தெரியவில்லை. செய்து பார்த்தால்தான் தெரியும். செய்து பார்க்க என்னிடம் ஒன்றும் இல்லை.