சுடாத தரை

குழாயைத் திறந்தால் கை வெந்துபோகும்படி வெந்நீர். தரையில் கால் வைத்தால் பனிக்கட்டி. சுன்சன் நகரத்து ஜனவரியில் தரைக்கடியில் குழாய்களில் ஓடுகிற வெந்நீர்ச் சூடுதான் வீட்டுக்கு உயிர். உண்பதும் உறங்குவதும் அந்தத் தரையில்தான். மிஹ்யாங் குடிவந்த நாளிலிருந்து கோட்டைக் கழற்றாமலே தூங்குகிறாள்.

புருஷனை உதறிவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் தனக்கென்று அவள் பிடித்த முதல் வீடு அது. இரண்டு அறைகள். அண்ணன் ஜூங்மானுக்கு அது பிடிக்கவே இல்லை. தங்கைமேல் பாசம் என்று வெளியே சொல்வான். அவனுடைய சாப்பாட்டுக் கடையில் மாவு பிசைய ஆள் இல்லை என்பது உள்விஷயம்.

போனில் கத்தினான்.

"பாய்லரோட சுவத்துப் பெட்டியில ரெண்டு பட்டன் இருக்குல்ல? ஒண்ணு தரைக்கு, ஒண்ணு வெந்நீருக்கு மட்டும். நீ ரெண்டாவத அமுக்கித் தொலைச்சிருப்ப."

"தரைக்கு உள்ளதுலதான் லைட் எரியுது அண்ணே. நான் என்ன குருடியா?"

"நீ குடிவந்த அன்னிக்கு நானே எல்லாத்தையும் சரியா வெச்சுக் குடுத்தேன். ஒரு பாய்லரக் கட்டி மேய்க்கத் தெரியல, தனிக்குடித்தனம் ஒரு கேடா! ஞாயித்துக்கிழம வண்டியோட வர்றேன், மூட்டையக் கட்டு."

"ஞாயித்துக்கிழம தரை சுடலன்னா நானே வண்டியில ஏறிக்கிறேன், போதுமா?"

வாய்க்கொழுப்பு. சொன்ன பிறகுதான் ஞாயிறுக்கு எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினாள்.

குழாய்களையெல்லாம் மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வெந்நீர் கேட்க யாருமில்லை, ஆனாலும் பாய்லர் உறுமிக்கொண்டுதான் இருந்தது. அப்படியானால் தரைக்குத்தான் சூடு போகிறது. எந்தத் தரைக்கு?

சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டாள். அறைக்கு ஒரு குழாய், குழாய்க்கு ஒரு திருகு, திருகுக்கு ஒரு காகிதச் சீட்டு. 'சின்ன அறை' என்ற திருகை அண்ணன் மூடியிருந்தான். புழங்காத அறையை மூடி, அங்கே கிம்ச்சி என்கிற முட்டைக்கோஸ் ஊறுகாயைக் குளிரில் வைப்பது ஊர்வழக்கம்தான். குடிவந்த அன்றே அவளும் ஒரு டப்பாவை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியிருந்தாள். 'பெரிய அறை' திறந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள், சுட்டது. எல்லாம் சரியாக இருந்தது. அவள் படுக்கிற பெரிய அறைதான் சில்லிட்டுக் கிடந்தது.

சனிக்கிழமை மதியம் அவள் தோற்றுவிட்டாள். அண்ணன் கடையின் பாழாய்ப்போன அடுப்படிக்கே திரும்பிப் போவோம் என்று, கட்டுவதற்காகக் கிம்ச்சி டப்பாவை எடுக்கச் சின்ன அறைக் கதவைத் திறந்தாள்.

அனல் முகத்தில் அடித்தது. உள்ளங்கால் பொசுங்கியது. டப்பா மூடி உப்பி, சிவப்புச் சாறு பொங்கி வழிந்து, அறையெல்லாம் புளித்த நெடி.

ஒரு நிமிடம் விழித்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். எந்தப் புண்ணியவானோ சீட்டுகளை மாற்றி ஒட்டியிருக்கிறான். அண்ணன் சீட்டைப் படித்தானே தவிர, அறைக்குள் கால் வைத்துப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. இத்தனை நாளும் கிம்ச்சி ராணி மாதிரி படுத்துக் கிடந்தது, அவள் விறைத்துக் கிடந்தாள்! சிரிப்பு அடங்கியதும் ஆத்திரம் பொங்கியது. மூடியிருந்ததைத் திறந்தாள், திறந்திருந்ததை மூடினாள். பெரிய அறைத் தரையில் உள்ளங்கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். இருட்டும் நேரத்தில் கையடியில் இளஞ்சூடு தட்டியபோது அழுகை வந்தது.

மறுநாள் அண்ணன் கயிற்றுச் சுருளோடு வந்தான். வாசலில் செருப்பை விட்டு, உள்ளே ஒரு கால் வைத்தவன் நின்றுவிட்டான்.

"சுடுது... எந்த மெக்கானிக் வந்தான்?"

"நான்தான்."

"சும்மா கதை விடாத."

"சீட்டு மாறியிருந்துச்சு. நீ மூடுனது என் ரூம."

அண்ணன் காது சிவந்தது. கயிற்றைக் கை மாற்றிப் பிடித்தான்.

"சரி, அத விடு. தரை சுட்டா ஆச்சா? தனியா ஒரு பொம்பள... அண்ணி உனக்குன்னு இடமெல்லாம் ஒழிச்சு வெச்சிருக்கா. வண்டி வேற கீழ நிக்குது."

மிஹ்யாங் அவனையே பார்த்தாள். தரை சுட்டாலும் வண்டி, சுடாவிட்டாலும் வண்டி. இதற்காகவா ஒரு வாரம் பயந்து செத்தாள்?

"அண்ணே, நேத்து மூட்டை கட்டப் போனேன். அது நேத்தோட சரி. நாளைக்கே இந்தத் தரை உறைஞ்சு போகட்டும், வெந்நீரும் நிக்கட்டும். அப்பவும் நான் இங்கதான் கெடப்பேன்."

"திமிரு!"

"ஆமா. டீ குடிச்சிட்டுப் போறியா, இப்பவே கிளம்புறியா?"