லேட்டாக வந்தால் ஓட்டம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் விசில் டீச்சரின் சட்டம் ஒன்றே ஒன்றுதான். பெல் அடித்த பிறகு கேட்டுக்குள் கால் வைத்தால் மைதானத்தை இரண்டு ரவுண்டு ஓட வேண்டும். சட்டையில் பட்டன் இல்லையா, ஓடு. வரிசையில் நின்று பேசினாயா, ஓடு. வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று மற்ற டீச்சர்கள் பிடித்து அனுப்பும் பிள்ளைகளுக்கும் அதே மருந்துதான். அடியாத மாடு படியாது, அடிக்கத்தான் நமக்கு இப்போது வழியில்லை, ஓடவாவது விடலாமே என்பாள்.

அவள் உடற்கல்வி டீச்சர். விசில் கழுத்தை விட்டு இறங்கியதே இல்லை என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. ஓடச் சொல்வதோடு அவள் வேலை முடிந்துவிடும். விசிலை ஊதிவிட்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அசெம்பிளி வரிசைகளை நேராக்கப் போய்விடுவாள். பின்னால் எவள் ஓடினாள், எவள் நடந்தாள், எவள் மரத்தடியில் நின்று பின்னலைச் சரிசெய்தாள் என்று ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருப்பாளா? கிடையாது. ஓட்டத்தைச் சொல்லிக்கொடுக்கச் சம்பளம் வாங்குகிறவள் ஓட்டத்தைப் பார்க்கவில்லை. இதை எங்கே போய்ச் சொல்ல?

இத்தனைக்கும் அவளுக்கு இருந்த ஒரே மனக்குறை ஓட்டம்தான். வயசுக் காலத்தில் அவளே நெடுந்தூரம் ஓடியவள். முழங்கால் கெட்டுப் பாதியில் நின்றுபோனவள். தன்னால் ஓட முடியாமல் போன மிச்சத்தை எவளாவது ஒருத்தி ஓடிவிட மாட்டாளா என்று ஏங்கிக்கொண்டிருந்தாள். பள்ளிகளுக்கு இடையே நடக்கும் நெடுந்தூர ஓட்டத்துக்கு இந்தப் பள்ளியிலிருந்து ஒருத்தியைக்கூட அவளால் அனுப்ப முடிந்ததில்லை. வருஷா வருஷம் பெரிய வகுப்புகளில் போய் நின்று, "யாருக்கு ஓட விருப்பம், கையத் தூக்குங்க" என்பாள். ஒரு கை எழும்பாது. "நாங்க என்ன மிஸ் தப்பு பண்ணோம்?" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வரும். வகுப்பு சிரிக்கும். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வெளியே வருவாள். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று மண்டையில் ஏறினால்தானே.

உடற்கல்வி இப்போது பரீட்சைப் பாடம். தலைமையாசிரியை அதையும் சொல்லிக் குத்துவாள். "உங்க பாடத்துல எல்லாருமே பாஸ் டீச்சர். தசையோட பேரெல்லாம் பிள்ளைங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. ஓடத்தான் ஆளில்ல."

அலுத்துப்போய், இந்த வருஷம் கேட்பதையே விட்டுவிட்டாள். விதி என்பதா, அவசரப் புத்தி என்பதா, அந்தப் பெண் பள்ளியில் வந்து சேர்ந்ததும் இந்த வருஷம்தான்.

ஒல்லியான பெண். வாயில் கொழுக்கட்டை வைத்தது போலப் பேசவே மாட்டாள். சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே தாமதம். பிள்ளைகள் அவளுக்கு 'லேட்டு' என்று பெயர் வைத்து, சொந்தப் பெயரை மறந்தும் போனார்கள். டீச்சர் தினமும் விசில் ஊதுவாள், லேட்டு பையைக் கொடிக்கம்பத்தடியில் வைத்துவிட்டு ஓடப் போவாள். மறுநாளும் அதே கதை. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி இருக்கிறாளே என்று டீச்சருக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே வந்தது.

ஒரு நாள் பாட வேளையில் அந்தப் பெண் தானாக எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். "மிஸ், ரொம்ப நேரம் ஓடினாலும் மூச்சு வாங்காம இருக்க என்ன பண்ணணும்?"

"நேரத்துக்கு வந்து சேரணும். அப்ப ஓடவே வேண்டாம்" என்றாள் டீச்சர். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தப் பெண்ணும் லேசாகச் சிரித்தபடி உட்கார்ந்துவிட்டாள். பதில் சாமர்த்தியமாக அமைந்துவிட்டதில் டீச்சருக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

பிறகு, மைக் கெட்டுப்போய் அசெம்பிளி சீக்கிரம் முடிந்த ஒரு காலை. டீச்சர் திரும்பி, போதும் வா என்று கை காட்டினாள். லேட்டு வந்து நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வரட்டுமா மிஸ்?" என்றாள். கலைந்துகொண்டிருந்த வரிசைகளில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். டீச்சருக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எவ்வளவு திமிர் இருந்தால் முகத்துக்கு நேரே கேலி செய்வாள் என்று நினைத்தாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அன்றே அவளுடைய அம்மாவுக்கு ஆள் அனுப்பினாள்.

அந்த அம்மா லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். வேலையை அப்படியே போட்டுவிட்டு, புடவையில் கஞ்சி வாடையோடு ஓடி வந்தாள். ஆசிரியர் அறையில் மற்ற டீச்சர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லார் முன்னாலும், மகளையும் பக்கத்தில் நிறுத்திவைத்து, விசில் டீச்சர் கொட்டித் தீர்த்தாள்.

"தினம் லேட்டு. தினம் அத்தன பேர் பாக்க ஓட விடறேன். சூடு சொரணை இருந்தா ஒரு பிள்ளைக்கு ஒரு நாள்ல உறைக்கும். வெக்கமில்லாம இன்னும் ஓடட்டுமான்னு கேக்கறா. வீட்டுல என்னம்மா சொல்லி வளக்கறீங்க?"

அம்மா கழுத்து வரை சிவந்துபோய் நின்றாள். பிறகு மகளுடைய கையைப் பிடித்து இழுத்து, "இனிமே இந்த கிரவுண்டுல நீ ஓடி நான் கேள்விப்படக் கூடாது. சத்தியம் பண்ணு" என்றாள். மகள் பண்ணினாள்.

மறுநாளிலிருந்து பெல்லுக்கு முன்பே லேட்டு வரிசையில் நின்றாள். டீச்சர் ஆசிரியர் அறையில் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். "பாத்தீங்களா, அம்மாவக் கூப்பிட்டு நாலு வார்த்தை விட்டதும் தானா வழிக்கு வந்துட்டா."

சில வாரங்கள் போயின. நாடித்துடிப்புப் பாடம் வந்தது. பிள்ளைகள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருத்தி கையை இன்னொருத்தி பிடித்து எண்ண வேண்டும். டீச்சர் ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லேட்டின் கையைப் பிடித்திருந்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"மிஸ், இவளுக்கு ரொம்பக் கம்மியா வருது. தூங்கறாளான்னு தெரியல."

"பேரே லேட்டு இல்ல, நாடியும் லேட்டாத்தான் வரும்" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி.

டீச்சர் சிரித்துக்கொண்டேதான் போய் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். விரலுக்கு அடியில் அது அவசரமே இல்லாமல், கனமாக, ஒவ்வொன்றாக வந்தது. நிமிஷத்துக்கு ஐம்பதைத் தாண்டவில்லை. அவள் சிரிப்பு நின்றுபோனது. இந்தத் துடிப்பு அவளுக்குத் தெரியும். ஒரு காலத்தில் அவளுடைய கையிலேயே இருந்தது. பிறவியில் கொஞ்சம் வரலாம். மீதியை ஓடி ஓடித்தான் சம்பாதிக்க வேண்டும். ஓட்டத்தை விட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும் என்பதும் பாடத்தில் இருக்கிறது. போன மாதம் அவளே நடத்தினாள்.

பெல் அடித்த பிறகு அந்தப் பெண்ணை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

"நீ எங்கம்மா ஓடிப் பழகுன?"

"இங்கதான் மிஸ்."

"ரெண்டு ரவுண்டு ஓடினா இப்படி ஆகாது. உண்மையச் சொல்லு."

"அசெம்பிளி முடியற வரைக்கும் ஓடுவேன் மிஸ். நீங்க திரும்ப மாட்டீங்க. பெரிய மிஸ் பேசற அன்னைக்கு நிறைய ஓடலாம்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் சீக்கிரமே வந்துருவேன் மிஸ். எதுத்தாப்புல செருப்புக்கடை வாசல்ல நின்னுட்டு, பெல் அடிச்சதும் உள்ள வருவேன்."

டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எதுக்கு?"

"ரெண்டாவது ரவுண்டுக்கு மேல காது அடைச்சுக்கும் மிஸ். மனசுக்கு நல்லாருக்கும். எங்க தெருவுல ஓட முடியாது. பொம்பளப் பிள்ளை ஓடினா யாருக்கு என்னாச்சுன்னு எல்லாரும் வெளிய வந்து கேப்பாங்க."

"ஓடணும்னு ஆசைன்னா என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே."

அந்தப் பெண் நிஜமாகவே குழம்பிப்போய் அவளைப் பார்த்தாள். "அது தண்டனைதான மிஸ்? தண்டனைய எப்படிக் கேக்கறது? ஒரு தடவை கேட்டேன், நீங்க அம்மாவக் கூப்பிட்டுட்டீங்க."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைகூட இல்லை இது. வெண்ணெய் தானாக வீடு தேடி வந்து கதவைத் தட்டியது, இவள் விசிலை ஊதித் துரத்திவிட்டாள். அன்று சாயங்காலம் வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டு, "இப்ப என்ன கெட்டுப்போச்சு? அந்த அம்மாகிட்ட போய்ப் பேசு. நம்ம மேல தப்புன்னா கால்ல விழுந்தாலும் கௌரவம் குறையாது" என்றார். போட்டிக்கு இன்னும் நாள் இருந்தது. அந்த நம்பிக்கையில்தான் மறுநாள் பள்ளி விட்டதும் லாண்டரிக்குப் போனாள்.

உள்ளே நீராவியும் சூடும். அந்த அம்மா நீள மேஜை மேல் விடுதிப் படுக்கை விரிப்பைப் பரப்பித் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் மகள், தேய்த்ததை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் அம்மாவின் முகம் செத்துப்போனது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"மறுபடியும் லேட்டா வந்தாளா டீச்சர்?"

"ஐயோ இல்லம்மா. உங்க பொண்ணு ஓடணும். அதக் கேக்கத்தான் வந்தேன்." டீச்சர் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். நாடியைப் பிடித்தது, செருப்புக்கடை வாசல், போட்டி, இந்த மாதிரி ஒரு பிள்ளைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்பது. "தப்பு முழுக்க என் மேலதான். உங்கள அத்தன பேர் முன்னாடி நிக்க வெச்சுப் பேசினேன். மன்னிச்சிருங்க."

அந்த அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் டீச்சருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அவ மேல நான் கை நீட்டினதே இல்ல டீச்சர். அவங்கப்பா போனதுக்கு அப்புறம் ஒரு அடி அடிச்சதில்ல. அன்னைக்கு வீட்டுக்குப் போய் அடிச்சேன். வெக்கம் இல்லையாடின்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். வாயே திறக்கல. இப்ப வந்து, அவ ஓட ஆசைப்பட்டுத்தான் லேட்டா வந்தான்னு சொல்றீங்க." மேஜை மேலிருந்த சுருக்கத்தைக் கையால் நீவினாள். "நான் எதுக்கு அடிச்சேன்னு இப்பத்தான் எனக்கே தெரியுது."

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நான் வேண்டாம்னு சொல்லல. சத்தியத்த நானே எடுத்துக்கறேன். அவளையே கேளுங்க" என்றாள் அம்மா.

மகள் விரிப்பின் நான்கு முனைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இல்ல மிஸ். இப்ப ஓடணும்னு தோணல" என்றாள்.

"ஒரு நாள் வந்து பாரும்மா. நான் கூடவே நிக்கறேன்."

"போன வாரம் ஒரு நாள் ஓடிப் பாத்தேன் மிஸ். எல்லாரும் போனதுக்கு அப்புறம். நல்லாவே இல்ல. யாரோ பாக்கற மாதிரியே இருந்துச்சு." பிறகு, டீச்சர் மனசு நோகக் கூடாது என்று நினைத்தவளைப் போல, "பரவால்ல மிஸ், இப்ப நேரத்துக்கு வந்துடறேன் இல்ல?" என்றாள்.

அவள் குரலில் குத்தல் இல்லை. நல்ல பிள்ளையாகத்தான் சொன்னாள். டீச்சர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் காலை பெல் அடித்தது. தாமதமாக வந்த பிள்ளைகள் வழக்கம்போலப் பையைக் கம்பத்தடியில் போட்டுவிட்டு விசிலுக்குக் காத்து நின்றார்கள். டீச்சர் ஊதவில்லை.

"இனிமே லேட்டா வந்தா ஓட வேண்டாம். கிளாசுக்குப் போங்க."

நம்ப முடியாமல் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஹோவென்று கத்திக்கொண்டு பைகளை அள்ளினார்கள். டீச்சர் நகராமல் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், எங்கேயாவது ஒரு முகம் வாடுகிறதா என்று. ஒன்றுகூட வாடவில்லை.