செதில் திரும்பிய இடம்

கண்ணைத் திறந்தவன் உடனே மூடிக்கொண்டான். இமைக்குள் யாரோ ஒரு பிடி மணலை அள்ளிப் போட்டுத் தேய்ப்பதுபோல் இருந்தது. தண்ணீர் தானாகக் கன்னத்தில் இறங்கியது. திரைச்சீலையில் கசிந்த காலை வெளிச்சமே ஊசியாய்க் குத்தியது. என்ன ஆயிற்று என்று அவனுக்குத் தெரியும். பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்த மனைவிக்கும் தெரிந்துவிட்டது. அவள் அப்பாவும் வெல்டர், அவன் அப்பாவும் வெல்டர். வெல்டிங் வெளிச்சம் சுட்ட இந்தக் கண்ணைப் பார்த்துத்தான் இரண்டு பேரும் வளர்ந்தார்கள்.

"வெல்டிங் டார்ச்சத் தொட்டீங்களா?"

அவன் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்தான்.

"கேக்குறேன்ல. தொட்டீங்களா இல்லையா?"

"பாதி மூட்டுதான் பத்தவச்சேன்."

"நானும் பாதியிலதான் கெடக்கேன்," என்றாள். வயிற்றின் மேலிருந்த கையை எடுக்கவில்லை.

ஏற்கெனவே இரண்டு கரு கலைந்துவிட்டன. இந்த முறை கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, குளியலறைக்குப் போவது தவிர எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். விமானம் என்ற பேச்சே எடுக்காதீர்கள் என்றாள் டாக்டர். அவன் விசா போனால் அவளுடையதும் போகும். ஊருக்குப் பெட்டியைக் கட்டு என்பார்கள். தையல் இருக்கிறதா, பிள்ளை இருக்கிறதா என்று எந்த விமானமும் கேட்காது.

அவனுக்குக் கொடுத்தது வெல்டிங் எஞ்சினியர் விசா. பட்டம் இல்லாதவன் செய்யவே முடியாத வேலை என்று சொல்லி வாங்கியது. கம்பெனி வக்கீல் ஆரம்பத்திலேயே எச்சரித்திருந்தார்: வரைபடம் பார், அளவு பார், மூட்டுக்கு எடுத்த எக்ஸ்ரே படம் பார், கருவியைக் கையில் எடுக்காதே. படிக்காதவன் செய்யும் வேலையைத்தான் நீயும் செய்கிறாய் என்று ஒரு தடவை பதிவானால் முடிந்தது கதை. விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்து இன்னும் பதில் வரவில்லை. அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பார்கள் என்றும் சொல்லியிருந்தார்.

பட்டறையில் மூத்த வெல்டர் கட்டையன். அவர் வந்தது கூலி அனுமதியில். "தம்பி, ஒன் விசாவுல தல மட்டும்தான் வந்துருக்கு. என் விசாவுல கை மட்டும்தான். ரெண்டு பேரையும் ஒட்டுனாத்தான் ஒரு முழு ஆளு," என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நேற்று அவர் சிரிக்கவில்லை. கொதிகலன் மூட்டு ஒன்று எக்ஸ்ரேயில் இரண்டு முறை ஓட்டை காட்டிவிட்டது. மூன்றாவது முறையும் காட்டினால் அவரை அனுப்பிவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாதி மூட்டில் கட்டையனின் மணிக்கட்டு ஆட ஆரம்பித்தது. நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் யோசிக்கவே இல்லை. அவர் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றித் தன் தலையில் மாட்டி, டார்ச்சை வாங்கி மீதியை ஓட்டிவிட்டான். எடுத்த கைக்குப் பட்டம் ஞாபகம் இல்லை. ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடியில் வெளிச்சம் புகும் விரிசல் இருந்ததை முடித்த பிறகுதான் கவனித்தான்.

மனைவி ஈரத்துணியைக் கண்மேல் வைக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. மேனேஜர். அதிகாரி வந்திருக்கிறார், நல்ல சட்டை போட்டுக்கொண்டு உடனே வா.

அவன் தடவித் தடவிச் சட்டையைத் தேடினான். "போங்க," என்றாள் அவள். "எனக்கு ஒண்ணும் இல்ல. போங்க." அவள் குரல் நடுங்குவது கண்ணை மூடியிருந்ததால் இன்னும் நன்றாகக் கேட்டது.

அதிகாரி அவன் அக்கா வயதுப் பெண். மரியாதையாகப் பேசினாள்; அதுதான் பயமாக இருந்தது. கண்ணை மறைக்க அவன் மாட்டி வந்திருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற முடியுமா என்று கேட்டாள். கழற்றினான். குழாய் திறந்ததுபோல் கொட்டியது. அழுகிறீர்களா என்றாள். மனைவிக்கு உடம்பு சரியில்லை, தையல் போட்டிருக்கிறார்கள், தூக்கமில்லை என்றான். எல்லாம் உண்மைதான். ஆனால் பிறக்காத பிள்ளையைப் பிடித்து முன்னால் நிறுத்திவிட்டு அதன் முதுகில் ஒளிந்துகொண்டதுபோல் கூசியது. அவள் மேசையிலிருந்த டிஷ்யூ காகிதத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். அடுத்து, பட்டறையைப் பார்க்க வேண்டும் என்றாள்.

எத்தனையோ மூட்டுகள் இருக்க, அவள் போய் நின்றது அந்தக் கொதிகலன் பக்கத்தில்.

நல்ல வெல்டிங் மீன் செதில்போல வரிவரியாக அடுக்கி நிற்கும். இந்த மூட்டில் பாதிவரை செதில்கள் ஒரு பக்கம் பார்த்திருந்தன. அங்கிருந்து எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டன. கண் இருக்கிற எவருக்கும் தெரியும். திரும்பிய இடத்தில் அவள் விரலை வைத்தாள். இது ஏன் இப்படி என்றாள்.

அவன் வாய் தானாகப் பேசியது. ஒரே திசையில் ஓட்டினால் சூட்டில் தகடு கோணிவிடும். அதனால் பாதியில் நிறுத்தி எதிர்முனையிலிருந்து வரச் சொல்வோம். அதைக் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் என் வேலை. சொல்லி முடித்தபோது முதுகில் சட்டை ஒட்டியிருந்தது. படிப்பில் அப்படி ஒரு முறை உண்டு. இந்த மூட்டுக்குத்தான் அது இல்லை. அவள் தலையாட்டி எழுதிக்கொண்டாள். மூச்சு வந்தது.

கட்டையன் அருகில்தான் நின்றிருந்தார். அதிகாரி பேசும் பாஷை அவருக்கு அரைகுறை. மூட்டையும் தன்னையும் மாறி மாறிக் காட்டி, நானேதான் போட்டேன் என்று சைகை செய்தார். அத்தோடு விட்டிருக்கலாம். தம்பியைக் காப்பாற்றும் வேகத்தில், முதல் பாதிக்கு வலது கையைத் தூக்கிக் காட்டினார். மறுபாதிக்கு இடது கையைத் தூக்கி, காற்றில் டார்ச் பிடித்து, வலமிருந்து இடமாக ஓட்டியும் காட்டினார்.

"அண்ணே, போதும்ணே," என்றான் அடிக்குரலில்.

"நீ சும்மா இரு தம்பி. வெளக்கமா சொன்னாத்தான் அந்தம்மாவுக்குப் புரியும்."

அதிகாரி அந்த இடது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பேசியதற்குச் சாட்சியாகக் கையெழுத்து வேண்டும் என்று, தாள் செருகிய அட்டையை முதலில் கட்டையனிடம் நீட்டினாள். அவர் பேனாவை வலது கையில் வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக இழைத்துப் போட்டுவிட்டு அவனைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அட்டை அவன் பக்கம் திரும்பியது.

பள்ளிக்கூடத்தில் ஸ்கேலால் அடித்தும் மாறாத இடது கை அவனுடையது. பாஸ்போர்ட்டில் இருக்கும் கையெழுத்தும் அந்தக் கை போட்டதுதான். இடது கையில் போட்டால் மறுபாதியை ஓட்டியது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்; வலது கையில் போட்டால் அது அவன் கையெழுத்தே இல்லை. பட்டறையின் எல்லா விளக்கும் கண்ணுக்குள் உடைந்து உடைந்து ஒளிர்ந்தது. அவள் முகம் தெரியவில்லை. நீட்டிய பேனாவின் முனை மட்டும் தெரிந்தது. பாக்கெட்டில் போன் அதிர ஆரம்பித்தது; இந்நேரத்துக்கு அவனைக் கூப்பிட வீட்டில் ஒருத்திதான் இருந்தாள். அவன் இடது கை தொடையோடு ஒட்டிக்கொண்டு, விரல்களை மட்டும் மெல்ல விரித்தது.