இடது பக்கம் நின்றவள்

முதியோர் இல்லத்தின் துணி அறையில், வெளுத்து அடுக்கிய படுக்கை விரிப்புகளின் மேல் போனைச் சாய்த்து வைத்தாள் அவள். செவ்வாய்தோறும் மதியம் மூன்று மணிக்கு, பல ஊர்களில் முதியவர்களைப் பராமரிப்பவர்கள் திரையில் கூடுவார்கள். நர்சிங் பள்ளி டீச்சர் ஒருவர் நடத்தும் கூட்டம் அது. சேர்ந்து ஒரு மாதமாகியும் அவள் வாயைத் திறந்ததில்லை. இன்று திறக்காவிட்டால் காரியம் கெட்டுவிடும்.

வாட்ச் ரிப்பேர் செய்து பிழைத்த பெரியவர் ஒருவர் அவள் பொறுப்பில் இருந்தார். எல்லாருக்கும் அவர் வாட்ச்காரர். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. சாப்பாடு, மருந்து, நடை எதற்கும் தகராறு கிடையாது. குளியலறையில் மட்டும் வலது கையால் பளாரென்று அறைவார். மூன்றாவது அறை விழுந்ததும் மேட்ரன் முடிவு சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால், பூட்டு போட்ட வேறொரு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். அதற்குப் பஸ்ஸில் மூன்று மணி நேரம். தினமும் நடந்தே வந்து தலை வாரிவிட்டுப் போகிற அவர் மனைவி, அப்புறம் எங்கே வருவது?

எல்லாவற்றையும் கூட்டத்தில் கொட்டினாள். அங்கே ஒரு வழக்கம்: முதல் பத்து நிமிடம் யாரும் யோசனை சொல்லக் கூடாது, கேள்விதான் கேட்கலாம். தண்ணீர் எவ்வளவு சூடு, எத்தனை மணிக்கு, என்ன சோப்பு என்று ஆளாளுக்குக் குடைந்தார்கள். அறை வாங்கினது நான், விசாரணையும் எனக்கா என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

ஒருபோதும் முகம் காட்டாத ஒருவர் இருந்தார். பெயருக்குப் பதில் 'இரவுப் பணி' என்று போட்டிருப்பார். அந்தப் பெண் குரல் நிதானமாகக் கேட்டது.

"குளிப்பாட்டும்போது எந்தப் பக்கம் நிப்பீங்க?"

"இடது பக்கம். பலமில்லாத பக்கம் நின்னுதான் பிடிக்கணும்னு சொல்லிக் குடுத்திருக்காங்களே."

"அந்தப் பக்கம் நிக்கிற ஆள் அவர் கண்ணுக்குத் தெரியுமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. இடது பக்கப் பார்வை இல்லை என்று ஃபைலிலேயே இருக்கிறது, படித்தவளும் அவள்தான். நடக்கும்போது பிடிக்கக் கற்ற பாடத்தை அப்படியே குளியலறைக்கும் கொண்டுபோயிருக்கிறாள். பாவம் அந்த மனிதர்! அவர் வரையில் சட்டை தானாகக் கழன்றது, தலையில் தண்ணீர் தானாக விழுந்தது. யார்தான் அடிக்க மாட்டார்கள்?

மறுநாள் குளியல் நாற்காலியின் இடது பக்கம் சுவரை ஒட்டியிருக்கும்படி போட்டு உட்கார வைத்தாள். வலப் பக்கமாக வந்து, முகம் காட்டி, குளிப்பாட்டப் போவதைச் சொல்லிவிட்டு, தண்ணீர் மக்கை அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் முழங்காலில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்துக்கொண்டார். பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீயாம்மா? தெனம் எவனோ திருட்டுப் பய வந்து சட்டையக் கழட்டுறான்னுல்ல நெனச்சேன்."

அவள் சிரித்தாள், கண்ணும் நிறைந்துவிட்டது. வியாழனும் வெள்ளியும் மேட்ரன் கதவருகே நின்று பார்த்தார். அவரை அனுப்ப எழுதி வைத்திருந்த மாற்றல் தாளைக் கையெழுத்துப் போடாமலே மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். சாயங்காலம் மனைவி வந்து, ஈரம் காயாத தலையை முகர்ந்து பார்த்துவிட்டு, சீப்பை எடுத்தார்.

அன்றே துணி அறையிலிருந்து 'இரவுப் பணி'க்கு எழுதினாள்: "உங்களாலதான் எங்க ஐயா இங்கயே இருக்காரு. இந்த நன்றிய ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்."

பதில் வந்தது.

"நானும் ஆறு வருஷம் இடது பக்கம்தாம்மா நின்னேன். நான் பாத்துக்கிட்ட பெரியவர வேற இல்லத்துக்கு அனுப்பிட்டாங்க. அப்ப எங்கிட்ட யாரும் இதக் கேக்கல."