மோதாத கார்

இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக எனக்குச் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். விபத்து நடந்த இடத்தைப் பார்த்து, பணம் கொடுக்கலாமா கூடாதா என்று எழுதுவது என் வேலை. அழுகிறவர்களை நம்ப மாட்டேன். அழாதவர்களைச் சுத்தமாக நம்ப மாட்டேன்.

மிஸ் வெர்லீன் அழவில்லை. அறுபத்திரண்டு வயது. பிக்கப் வண்டியில் அடுப்பும் அண்டாவும் ஏற்றி, நெடுஞ்சாலை ஓரத்தில் அவித்த வேர்க்கடலை விற்கிறவர். சனிக்கிழமை அந்த வண்டி சாலையோரப் பள்ளத்தில் கவிழ்ந்து நொறுங்கிவிட்டது. அது இல்லையென்றால் அவருக்குப் பிழைப்பே இல்லை.

“ஒரு கார் நேரா என் மேல வந்துச்சு தம்பி. ஒதுங்கினேன், உருண்டுட்டேன். அவன் நிக்காமப் போயிட்டான்.”

“இடிச்சானா?”

“இல்ல.”

“யாராவது பார்த்தாங்களா?”

“ஈ காக்கா இல்ல.”

அங்கேதான் சிக்கல். எங்கள் தென் கரோலினாவில், இன்சூரன்ஸ் இல்லாதவனால் நம் வண்டிக்குச் சேதம் வந்தால் நம் கம்பெனியே கொடுக்க வேண்டும். குறைந்தது இருபத்தைந்தாயிரம் டாலருக்காவது அந்தக் காப்பு இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அடையாளம் தெரியாமல் ஓடிப்போனவனுக்கும் அதுதான். ஆனால் அவன் கார் நம்மைத் தொடவே இல்லை என்றால், ஓட்டியவரும் வண்டியின் சொந்தக்காரரும் அல்லாத ஒருவர் கண்ணால் பார்த்ததாகக் கையெழுத்திட வேண்டும். இல்லாத காரைச் சொல்லிப் பணம் பார்ப்பவர்களுக்காகவே வைத்த விதி. அப்படிப்பட்ட கில்லாடிகள் ஏராளம்.

பள்ளத்தைப் போய்ப் பார்த்தேன். பதறிப்போய் ஒடித்த தடம் இல்லை. வண்டி நிதானமாகப் புல்லில் இறங்கி நின்றிருக்கிறது. அதன் பிறகுதான் சரிந்திருக்கிறது.

“ஏன் நிறுத்துனீங்க?” என்று திரும்பப் போய்க் கேட்டேன்.

“போன் வந்துச்சு.”

“போனைக் காட்டுங்க.”

“உன் அம்மாவையும் இப்படித்தான் குடைவியா?”

“அவங்க கிளெய்ம் போட்டா குடைவேன்.”

போனைக் காட்டவில்லை. சந்தேகம் முற்றியது. சனிக்கிழமைப் பத்திரிகையைப் புரட்டினேன். அதே நேரம் அதே சாலையில் ஃப்ரையர்சன் என்பவரின் சவ ஊர்வலம். எங்கள் பக்கம் ஊர்வலம் எதிரே வந்தால், இறந்தவரை முன்பின் தெரியாதவர்கூட மரியாதைக்கு வண்டியை ஓரம் கட்டி நிற்பார். வெர்லீன் அதற்குத்தான் நின்றிருக்கிறார். அப்படியானால் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக நாற்பது கார் போயிருக்கும். அத்தனை சாட்சிகளை விட்டுவிட்டு ஈ காக்கா இல்லை என்கிறார் என்றால், மேலே வந்த கார் என்று ஒன்று இல்லவே இல்லை. ஆளைப் பிடித்துவிட்டேன் என்று சந்தோஷமாகவே இருந்தது.

உறுதிப்படுத்திக்கொள்ள இறந்தவரின் மனைவி மிஸ் ஒட்டிலியிடம் போனேன். வயதில் மூத்த பெண்களை, கல்யாணமானவர்களானாலும், எங்கள் பக்கம் மிஸ் என்றுதான் அழைப்போம். கேள்வியை முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது.

“யாருன்னு வெர்லீன் சொன்னா?”

“தெரியாதவன்னு சொன்னாங்க.”

“என்னை அவகிட்ட கூட்டிட்டுப் போ.”

எங்களைப் பார்த்ததும் வெர்லீன் வாசலை மறித்து நின்றார். “அக்கா, இதுல உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல. வீட்டுக்குப் போங்க.”

ஒட்டிலி என் பக்கம் திரும்பினார். “அது என் பையன் ரோஸ்கோ. அப்பன் அடக்கத்துக்கே லேட்டு. முன்னாடி போயிடணும்னு வரிசையத் தாண்டி எதிர்ப்பக்கத்துல ஓட்டினான். நான் முதல் கார்ல இருந்தேன். ஓரமா நின்னவ அவனுக்குப் பயந்து இன்னும் ஒதுங்கினா, வண்டி சரிஞ்சத என் கண்ணால பார்த்தேன். அவனுக்கு இன்சூரன்ஸ் கிடையாது.”

வெர்லீன் தலையைக் குனிந்துகொண்டார். “பேரைச் சொன்னா அவன் லைசென்ஸ் போயிடும். எனக்குக் குடுத்த பணத்தக் கேட்டு கம்பெனி அவன் கழுத்தைப் பிடிக்கும். அப்பனப் பறிகொடுத்த பிள்ளைய எப்படிக்கா காட்டிக் கொடுக்கறது? நான் எப்படியாவது பொழைச்சுக்குவேன்.”

எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

“என் வீட்டுக்காரருக்காக வண்டிய நிறுத்துனவ நீ,” என்றார் ஒட்டிலி. “அவர் பெத்தவன் நிறுத்தல.” என்னிடம் கை நீட்டினார். “பேனாவக் குடு.”

ஒரு சாட்சி சொல்வது பொய்யாக இருக்கக் கூடாதா என்று என் வேலையில் முதல் முறையாக ஏங்கினேன். அவர் மகனின் முழுப் பெயரையும் எழுத்துப் பிசகாமல் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.